விழிக்கண் குழுவில் நடந்தது என்ன?

மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டம் நடைபெற்றது, அரசு அலுவலர்களும் உறுப்பினர்களும் கலந்துகொண்டனர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி நான்கு வரிச் செய்தி வரும், நீள மேசையைச் சுற்றி எல்லோரும் அமர்ந்திருக்கும் படத்தோடு. சில காலாண்டுகளில் அதுவும் வராது. எத்தனை வழக்குகள் பேசப்பட்டன, எது நிலுவையில் கிடக்கிறது, யாரால் கிடக்கிறது என்பதெல்லாம் அந்த நான்கு வரியில் இருப்பதில்லை.

ஆட்சியர் விரும்பினால் கூட்டலாம், இல்லாவிட்டால் விடலாம் என்கிற குழு அல்ல இது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வந்த விதிகளில் 17ஆவது விதி இதைக் கட்டாயமாக்குகிறது. மாவட்டத்தின் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், காவல் கண்காணிப்பாளர் எல்லோரும் இதில் உறுப்பினர்கள். அடிபட்டவருக்குத் தீருதவி போய்ச் சேர்ந்ததா, வழக்கு எந்த நிலையில் உள்ளது, அதிகாரிகள் கடமையைச் செய்தார்களா என்று பார்ப்பதே இதன் வேலை. மாவட்ட அரசியலும் நிர்வாகமும் காவல் துறையும் ஒரே மேசையில் உட்காரும் இடம் இதைவிட வேறு எது? அங்கே நிருபர் உள்ளே போவதில்லை. மக்கள் தொடர்பு அலுவலகக் குறிப்பு வெளியே வருகிறது.

இதனால் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். சேரியிலிருந்து ஒருவர் அடிபட்டுக் காவல் நிலையம் போகிறார். பெரும்பாலும் கையில் கிடைப்பது மனு ரசீதுதான். "விசாரித்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடுகிறோம்" என்பார்கள். 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு, வழக்குப் பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லியும் இந்தப் பேச்சு ஓயவில்லை. அதற்குள் எதிர்த் தரப்பிடம் ஒரு புகார் வாங்கப்படும். மறுநாள் நாளிதழில் "இரு தரப்பினர் மோதல், முன்விரோதம் காரணம், போலீசார் விசாரணை" என்று வரும். அடித்தவரும் அடிபட்டவரும் சமமாகிவிடுகிறார்கள். சாதி என்ற சொல்லே அச்சில் இல்லை. அதன்பின் பேசி முடித்துக்கொள்ளும்படி ஊர்ப் பெரிய மனிதர்கள் வருவார்கள்.

தாலுகா நிருபரை மட்டும் குறை சொல்லி ஆகப்போவதில்லை. நாளைக்கும் அவர் அதே நிலையத்துக்குத்தான் செய்திக்குப் போக வேண்டும்.

ஆனால் எஃப்.ஐ.ஆரோடு செய்தி நின்றுவிடுவதுதான் பெரிய கேடு. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்கின்றன விதிகள். தீருதவித் தொகையின் அடுத்த தவணையும் பல குற்றங்களில் அந்தக் குற்றப்பத்திரிகையோடு கட்டப்பட்டிருக்கிறது. 61ஆவது நாள் ஆட்சியர் அலுவலகத்தில் போய்க் கேட்க ஆள் இல்லையென்றால், கோப்பு அசையாது, பணமும் அசையாது.

வேங்கைவயலை எடுத்துக்கொள்வோம். குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது 2022 டிசம்பர் 26இல். அடுத்த மாதமே வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குற்றப்பத்திரிகை வந்தது 2025 ஜனவரியில். அதிலும் பாதிக்கப்பட்ட மக்களில் மூவரே குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். அம்மக்கள் அதை ஏற்கவில்லை. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நமது கேள்வி வேறு. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில், விதிப்படி பார்த்தால் புதுக்கோட்டைக் குழு குறைந்தது எட்டு முறை கூடியிருக்க வேண்டும். தொலைக்காட்சி வண்டிகள் ஊருக்குள் நின்றதைப் பார்த்த வாசகர், அந்த எட்டுக் கூட்டங்களைப் பற்றி எத்தனை செய்தி படித்திருப்பார்? நாடே பேசிய வழக்குக்கு இந்தக் கதியென்றால், பெயர் தெரியாத ஊரின் வழக்கை எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தின் 4ஆவது பிரிவு, கடமையை வேண்டுமென்றே தவறும், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. நமது மாவட்டத்தில் அந்தப் பிரிவில் யார் மீதாவது நடவடிக்கை எடுக்கக் குழு பரிந்துரைத்ததா? நிருபர்கள் ஆட்சியரிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்வி இது. 60 நாள் தாண்டிய வழக்குகள் எத்தனை, தீருதவி நிலுவை எத்தனை பேருக்கு, குழு உறுப்பினரான எம்.எல்.ஏ. எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்பதையும் கூடவே கேட்கலாம். தேர்தல் நேரத்தில் காலனிக்குள் கும்பிட்டபடி வருகிறவர்தானே அவர்.

வாசகர்களுக்கும் வேலை இருக்கிறது. கடந்த நான்கு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு, ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பாதிக்கப்பட்டவர் பெயரைக் கேட்காதீர்கள், வழக்குகளின் எண்ணிக்கையும் நிலையும் போதும். மனுவின் நகலைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். பதில் வந்தால் நமக்கு ஒரு நகல் அனுப்புங்கள், இதே இடத்தில் அப்படியே வெளியிடுவோம்.