பஞ்சாங்கத்தில் இல்லாத விரதம்

யாழ்ப்பாணத்தில் இரண்டு பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிப்பது வாக்கியம்; கோள்களின் நிலையை அளந்து திருத்திக்கொள்வது திருக்கணிதம். ஆண்டு எத்தனை நாழிகைக்குப் பிறக்கிறது, விரதம் இன்றைக்கா நாளைக்கா என்பவற்றில் சில ஆண்டுகளில் இவ்விரண்டும் முரண்படும். முரண்பட்டதும் நம் பெரியவர்கள் வரிந்து கட்டிக்கொண்டு களத்தில் இறங்குவர். பத்திரிகைகளில் விளக்கமும் மறுப்பும் வரும். கோயில் வீதியிலே கட்சி பிரியும். நாழிகையில் இத்துணைக் கவலை கொள்ளும் இப்பெருமக்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. தை முதலாம் நாள் உத்தராயணம் பிறக்கிறதென்று இரு சாராரும் கொண்டாடுகின்றனர். வானத்துச் சூரியனோ மார்கழி முதல் வாரத்திலேயே, டிசம்பர் 21 அல்லது 22 இல், வடக்கு நோக்கித் திரும்பிவிடுகிறான். ஏறத்தாழ 24 நாட் பிசகு! மூன்று வாரத்தைச் செரித்துக்கொண்டவர்கள் மூன்று நாழிகைக்குச் சண்டையிடுகிறார்கள்.

அது கிடக்கட்டும். நாள் எது என்ற வழக்கைச் சோதிடர் தீர்த்துக்கொள்ளட்டும். அந்த நாள் யாருடையது என்பதே நாம் எழுப்பவேண்டிய வழக்கு.

2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான் கற்பிக்கும் பாடசாலையில் நிகழ்ந்தது இது. இடைவேளைக்கு மணி அடித்தபின்னும் ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் வகுப்பிலேயே இருந்தான். சாப்பிடவில்லையா என்று கேட்டேன். "இண்டைக்கு விரதம், சேர்" என்றான். மறுநாளும் அதே விடை. மூன்றாம் நாள் ஆசிரியர் அறையிலே தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். ஏகாதசி இல்லை; பிரதோஷம் இல்லை; சஷ்டியும் இல்லை. வெறும் புதன்கிழமை. அவ்வாண்டு செப்டம்பரில் இந்நாட்டின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94 ஐத் தாண்டி நின்றது. அவனுடைய தந்தை நாட்கூலிக்கு மேசன் வேலை செய்பவர். சீமெந்து விலை ஏறியபின் கட்டுவாரும் இல்லை, கூலியும் இல்லை.

அச்சிறுவன் பொய் சொன்னான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பசி என்று சொன்னால் அவமானம். விரதம் என்று சொன்னால் மரியாதை. இந்த வேறுபாட்டை அவனுக்குக் கற்பித்தவர் யார்? தமிழோடு சைவநெறியும் படிப்பிக்கும் நானே கற்பித்தேன். விரதங்களின் பெயரை வரிசையாக எழுதவைத்தேன். பலன்களை மனனஞ் செய்யவைத்தேன். உண்ணாதிருப்பது உயர்ந்தோர் ஒழுக்கம் என்று கரும்பலகையில் எழுதிய கை என்னுடையதே.

விரதம் என்பது யாது? உணவை விடுத்தும் சுருக்கியும் மனத்தை அடக்கும் பயிற்சி என்பது நூலோர் கருத்து. இருக்கட்டும். விடுப்பதற்கு முதலில் உணவு இருக்கவேண்டும் அல்லவா? ஒரு மாதத்தை எண்ணிப் பாருங்கள். ஏகாதசி இரண்டு, பிரதோஷம் இரண்டு, சதுர்த்தி, சஷ்டி, கார்த்திகை, அமாவாசை, பூரணை, வெள்ளிக்கிழமைகள் வேறு. ஐப்பசியில் கந்தசஷ்டிக்கு ஆறு நாள். கேதாரகௌரி விரதமோ 21 நாள். இத்தனையும் நோற்று முடித்துப் பாறணை செய்யும் இலையிலே கறிகளை எண்ணிப் பெருமை கொள்ளும் வீடுகளை நாம் அறியோமா? அந்த இலையை நிரப்பியவள் யார் என்பது இன்னொரு கேள்வி. கணவனுக்காகக் கேதாரகௌரி நோற்பவள், நோற்காத கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று வேளையும் சமைத்துப் போட்டுவிட்டே நோற்கிறாள். அவளது விரதத்துக்கு அடுப்படியில் விடுமுறை கிடைத்ததாக எந்தப் புராணமும் சொல்லக் காணோம்.

நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறினால் 25 நாள் திருவிழா. அந்நாட்களில் யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளிற் பெரும்பாலானவற்றில் மச்சம் புகாது. மீன் உண்ணாதிருப்பது அவரவர் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கடல் விரதம் அறியாது. குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் வள்ளம் இறக்குவோருட் பலர் கத்தோலிக்கர். அவர்கள் நேராத விரதத்துக்கு அவர்களுடைய உலை தணிகிறது. 2022 ஆகஸ்டில், அத்திருவிழா நடந்துகொண்டிருக்கையிலே, மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிற்று. ஒரு புறம் எண்ணெய் விலை, மறுபுறம் வாங்குவாரில்லாச் சந்தை. நகரம் முழுவதும் புண்ணியம் ஈட்டிக்கொண்டிருந்த அந்நாட்களில் அதன் செலவை யார் தலையில் எழுதினோம்?

ஆடிப்பிறப்பை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பருவத்து நினைவுகளில் எனக்கு மிக இனியது அதுவே. அரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த கூழைப் பலாவிலையைக் கோலி ஊதி ஊதிக் குடிப்போம். அந்தப் பனங்கட்டி எங்கிருந்து வந்தது? உச்சிப் பனையில் உயிரைப் பணயம் வைத்துக் கருப்பணி இறக்கியவனிடமிருந்து வந்தது. அவன் இறக்கியது கூழுக்கு ஆகும். அவன் கோயிலுக்கு ஆகான். அதே ஆடியில், ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாவிலே, 1968 இல் நடந்ததை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? உள்ளே சென்று வழிபட வந்த மக்கள் வாயிலில் மறிக்கப்பட்டனர். மறித்தோரின் முன்னணியில் நின்றவர் எழுத்தறியாப் பாமரர் அல்லர். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் அவர்கள். 1957 ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்துவிட்டிருந்தது. சட்டத்தைப் படித்தவர்களே அதன் குறுக்கே நின்றார்கள்.

அது பழங்கதை என்பார்கள். 2018 இல் தென்மராட்சியில் ஓர் அம்மன் கோயிலிலே தேரை மண் அகழும் இயந்திரம் இழுத்த செய்தி வந்தது பழங்கதையா? இழுக்க ஆட்கள் போதவில்லை என்று காரணம் கூறப்பட்டது. போதாதவர்கள் எந்தச் சாதியார் என்பதே ஊரின் கேள்வியாக இருந்தது. வடத்திலே ஒடுக்கப்பட்டவன் கை படுவதைவிட இரும்பின் கை படுவது மேல் என்ற எண்ணத்துக்கு எந்தத் திதியில் பிராயச்சித்தம் இருக்கிறது? பண்டிதர்கள் கூறுவார்களாக.

மலையகத்துக்கு வாருங்கள். அங்கே தீபாவளி முற்பணத்தோடுதான் பிறக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தொழிற்சங்கங்கள் கேட்கும், நிருவாகங்கள் இழுத்தடிக்கும், கடைசியில் ஒரு தொகை கையில் வரும். பிள்ளைக்கு ஒரு சட்டை, வீட்டுக்கு ஒரு பலகாரம். பின்னர் மாதந்தோறும் சம்பளத்தில் அது வெட்டிக் கழிக்கப்படும். வெட்டி முடிகையில் அடுத்த தீபாவளி வந்து நிற்கும். நரகாசுரன் ஒரு நாளில் இறந்தான்; இந்தக் கடன் இறப்பதில்லை. நாள் முழுவதும் கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுப்பவள், தன் பண்டிகையைத் தன் கூலியிலிருந்தே கடன் வாங்குகிறாள்.

இவ்வளவும் சொன்னபின், "அப்படியானால் இவற்றையெல்லாம் மூட்டை கட்டிக் கடலில் எறிவோம்" என்று நம் முகாமிலேயே சில நண்பர்கள் எழுவார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. கதிரவனுக்குப் புத்தரிசி பொங்கும் உழவனையும், மறுநாள் மாட்டின் கொம்பைக் கழுவித் திலகமிடும் சிறுவனையும் மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுபவர், மக்களிடமிருந்து தம்மையே தள்ளிக்கொள்கிறார். உழைப்பின் பருவங்களே பண்டிகைகளாயின. அவற்றின் மேல் புண்ணியக் கணக்கையும் சாதித் தரத்தையும் ஏற்றியவர் பின்வந்தோர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்குப் போய்ப் பாருங்கள். ஆகம வழிப்படாத பூசை; வாயைத் துணியாற் கட்டிப் பூசை செய்வோர் கடலோர மக்கள். 'அன்னதானக் கந்தன்' என்றே அவ்விறைவனுக்குப் பெயர். வந்தவன் யார் என்று கேளாமல் இலை போடும் வழக்கமும் நம் சமயத்துக்குள்ளேதான் இருக்கிறது. நாவலரை எடுத்துக்கொண்டாலும் அப்படியே. சாதியாசாரத்தைப் பேணிய அவரது போக்கோடு நமக்கு உடன்பாடில்லை. எனினும் 1877 இன் பஞ்சத்தில் அவர் கஞ்சித்தொட்டி வைத்தார். அவருடைய வினாவிடையைப் பாடசாலைக்குள் கொண்டுவந்த நாம் கஞ்சித்தொட்டியை வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டோம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நவராத்திரி வருகிறது. பாடசாலை தோறும் வகுப்புக்கு ஒரு நாட் பூசை. வகுப்புக்கு ஒரு பணச்சேர்ப்பு. எந்த வகுப்பின் அலங்காரம் சிறந்தது, எந்த வகுப்பின் அவல் சுவையானது என்று போட்டி. பணம் கொண்டுவர முடியாத பிள்ளை அன்று வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடுகிறது. வரவு இடாப்பில் நாமே 'ஒன்று' போடாமல் விடுகிறோம். சென்ற ஆண்டு ஆசிரியர் கூட்டத்திலே, ஒன்பது நாட்காசையும் சேர்த்துக் காலையுணவு இல்லாமல் வருவோருக்கு அந்தத் தவணை முழுவதும் கஞ்சி காய்ச்சுவோம், கும்பத்துக்கு ஒரு பூ போதும் என்றேன். சமயத்தில் கை வைக்கிறாய் என்றார் ஒருவர். மரபு என்றார் இன்னொருவர். அதிபர் தலையைச் சொறிந்தார். இளம் ஆசிரியைகள் இருவர் மட்டும் கூட்டம் முடிந்தபின் வந்து, எத்தனை பிள்ளைகளுக்கு எவ்வளவு அரிசி தேவைப்படும் என்று விசாரித்தார்கள். கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இவ்வாண்டுக் கூட்டத்தில் அக்கணக்கு மேசைக்கு வரும்.