சூப்பர் மார்க்கெட் டு சூப்பர் பவுல்... கர்ட் வார்னர் காத்திருந்த ஐந்து ஆண்டுகள்!

1994-ம் ஆண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடர் ஃபால்ஸ் என்றொரு சின்ன ஊர். நள்ளிரவு தாண்டி ஊரே தூங்கிக்கொண்டிருக்க, ஹை-வீ சூப்பர் மார்க்கெட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. 23 வயது இளைஞர் ஒருவர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். சம்பளம், மணிக்கு 5.50 டாலர்.

அந்த இளைஞரின் பெயர் கர்ட் வார்னர். சில வாரங்களுக்கு முன்புதான், அமெரிக்காவின் புகழ்பெற்ற கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சி முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்.

அடுத்த ஐந்தரை ஆண்டுகளில் இதே மனிதர், அமெரிக்காவே டிவி முன்னால் உட்காரும் சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் கோப்பையை வென்றார். அந்தப் போட்டியின் சிறந்த வீரரும் அவர்தான். ஏதோ சினிமாக் கதைபோல இருக்கிறதா? உண்மையிலேயே 2021-ல் இதைப் படமாகவும் எடுத்துவிட்டார்கள். ஆனால், கோப்பையைவிட சுவாரஸ்யமானது, நடுவில் போன அந்த ஐந்து ஆண்டுகள்தான்.

குவார்ட்டர்பேக் என்றால் யார்?

அமெரிக்கன் ஃபுட்பால், நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. இதில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஓர் அணிக்கு 11 பேர். 100 யார்டு நீள மைதானம். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இந்த ஆட்டத்தின் மூளை, குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எதிரணியின் ராட்சச உருவங்கள் அவரை வீழ்த்தப் பாய்ந்து வரும். இரண்டு, மூன்று விநாடிகள்தான் அவகாசம். அதற்குள் யார் எங்கே ஓடுகிறார், யாருக்கு வீசலாம், வீசலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தாக வேண்டும். அணி ஜெயித்தால் முதல் மாலை அவருக்கு. தோற்றால் முதல் திட்டும் அவருக்கே!

இந்த விளையாட்டின் தொழில்முறை லீக்தான் என்.எஃப்.எல். அங்கே போவதற்கான ராஜபாட்டை, கல்லூரி. ஒவ்வொரு வருடமும் 'டிராஃப்ட்' நடக்கும். கல்லூரி வீரர்களை லீக் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். முந்தைய வருடம் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. ஏழு சுற்றுகள் முடிந்தும் உங்கள் பெயர் வரவில்லை என்றால், பெரும்பாலும் அத்தோடு கதை முடிந்தது.

வார்னருக்கு அந்த ராஜபாட்டை ஆரம்பத்திலிருந்தே மேடும் பள்ளமும்தான். அவர் படித்தது நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகம். கல்லூரி ஃபுட்பாலில் அது இரண்டாம் வரிசை. அங்கேயும் அவர் மூன்றாவது குவார்ட்டர்பேக். கடைசி ஆண்டு வரை பெஞ்ச்தான். 1993-ல் ஒருவழியாக வாய்ப்பு கிடைத்தது. அந்த ஒரே சீசனில், அவர்கள் ஆடிய பிரிவின் சிறந்த தாக்குதல் வீரர் விருதை வாங்கினார்.

1994 டிராஃப்ட். முதல் சுற்றிலேயே இரண்டு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். ஹீத் ஷூலர் மூன்றாவது இடத்தில், டிரெண்ட் டில்ஃபர் ஆறாவது இடத்தில். ஏழு சுற்றும் முடிந்தது. கர்ட் வார்னர் என்ற பெயரை யாரும் சொல்லவில்லை.

களமிறங்க மறுத்த நாள்

தேர்வாகாதவர்களுக்கும் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஏதாவது ஓர் அணி, 'முகாமுக்கு வந்து ஆடிக்காட்டு' என்று கூப்பிடலாம். வார்னரை பேக்கர்ஸ் கூப்பிட்டது. அங்கே ஏற்கெனவே பிரெட் ஃபார்வ், மார்க் புரூனெல், டை டெட்மர் என்று மூன்று குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். மூவருமே பின்னாளில் பெயர் சொல்லும் வீரர்கள்.

ஒருநாள் பயிற்சியின்போது, குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் ஸ்டீவ் மரியூச்சி, 'நீ உள்ளே போய் ஆடு' என்று வார்னரைப் பார்த்துச் சொன்னார். வார்னர் போகவில்லை. ஆட்டத் திட்டங்கள் இன்னும் மனதில் பதியவில்லை, தான் தயாராக இல்லை என்று தோன்றியது அவருக்கு. தவறாக ஆடி மானம் போவதைவிட, ஒதுங்கி நிற்பதே மேல் என்று நின்றுவிட்டார்.

வாய்ப்பு வாசலுக்கே வந்து கதவைத் தட்டியபோது, அவர் கதவைத் திறக்கவில்லை. சீசன் தொடங்கும் முன்பே அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதன்பிறகுதான் சீடர் ஃபால்ஸ், நைட் ஷிஃப்ட், அலமாரி எல்லாம்.

காத்திருந்தது அவர் மட்டுமல்ல

வார்னர் தனி ஆள் இல்லை. கல்லூரி நாள்களிலேயே பிரெண்டா என்ற பெண்ணைச் சந்தித்திருந்தார். பிரெண்டா, முன்னாள் ராணுவ மரைன் படை வீராங்கனை. விவாகரத்தானவர். வார்னரைவிட மூத்தவர். இரண்டு குழந்தைகளின் தாய். மூத்த மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் பலத்த அடிபட்டு, மூளை பாதிக்கப்பட்டு, பார்வையும் ஏறக்குறைய போய்விட்டது.

ஒரு நடன அரங்கில் முதல் சந்திப்பு. 'எனக்கு இரண்டு குழந்தைகள். இதற்குமேல் நீங்கள் என்னைப் பார்க்க வராவிட்டாலும் எனக்குப் புரியும்' என்கிற அர்த்தத்தில் பிரெண்டா சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கையில் ஒரு ரோஜாவுடன் அவர் வீட்டு வாசலில் நின்றார் வார்னர். குழந்தைகளைப் பார்க்க வேண்டுமாம்!

பேக்கர்ஸ் அனுப்பிவிட்ட பிறகு, பிரெண்டாவின் பெற்றோர் வீட்டின் அடித்தளத்தில்தான் வாழ்க்கை ஓடியது. பிரெண்டா நர்சிங் படித்துக்கொண்டிருந்தார். அரசு தரும் உணவுக் கூப்பன்களை வைத்து வீட்டுச் செலவைச் சமாளித்த காலமும் உண்டு. வார்னர் பகலில் தான் படித்த பல்கலைக்கழக அணியின் பயிற்சிக்கு உதவி செய்வார்; இரவில் கடைக்குப் போவார்.

இப்படி ஒரு சூழலில், 'கனவு கண்டது போதும், நிரந்தரமாக ஒரு வேலையைத் தேடு' என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. சின்னதாக ஒரு வழி கிடைத்ததும், வார்னர் அதைப் பிடித்துக்கொண்டார்.

அரங்கத்துக்குள் ஒரு பள்ளிக்கூடம்

அந்த வழி, அரீனா ஃபுட்பால். மூடிய அரங்கத்துக்குள் நடக்கும் குட்டி வடிவ ஆட்டம். மைதானம் 50 யார்டுதான். அணிக்கு எட்டுப் பேர். ஓரத்தில் கோடுகளுக்குப் பதிலாக மெத்தை வைத்த சுவர். பெரிய லீக்கில் ஆடியவர்கள் இதை ஒரு வேடிக்கை ஆட்டமாகத்தான் பார்த்தார்கள்.

1995 முதல் 1997 வரை, டி மாயின் நகரின் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்காக வார்னர் ஆடினார். இரண்டு முறை அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார். இரண்டிலும் தோல்வி. ஆனால், அவரே அறியாமல் அங்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மைதானம் சிறியது என்பதால் எதிரணி வீரர்கள் கண் சிமிட்டுவதற்குள் மேலே வந்து விழுவார்கள். யோசித்து வீச நேரமே கிடையாது. பார்த்தவுடன் முடிவு, முடிவெடுத்தவுடன் வீச்சு. அந்த வேகம் கைக்குப் பழகிவிட்டது.

வாழ்க்கை மட்டும் அடித்துக்கொண்டேயிருந்தது. 1996 ஏப்ரலில் ஆர்கன்சா மாநிலத்தில் வீசிய சூறாவளியில் பிரெண்டாவின் அம்மா, அப்பா இருவருமே இறந்துபோனார்கள். 1997 அக்டோபரில் வார்னருக்கும் பிரெண்டாவுக்கும் திருமணம் நடந்தது. இரண்டு குழந்தைகளையும் சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டார் வார்னர். அதே சமயத்தில் சிகாகோ பேர்ஸ் அணியிலிருந்து தேர்வுக்கு அழைப்பு வந்தது. தேனிலவுக்குப் போன இடத்தில், பந்து வீசும் கையின் முழங்கையில் ஏதோ பூச்சி கடித்து வீங்கிவிட்டது. சிலந்தியாக இருக்கும் என்றார்கள். தேர்வுக்குப் போக முடியவில்லை. நேரம் சரியில்லை என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதேதான்!

ஆம்ஸ்டர்டாம் வழியாக செயின்ட் லூயிஸ்

கடைசியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. உடனே ஆடவிடவில்லை. 1998-ல் ஐரோப்பிய லீக்குக்கு, ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் அணிக்கு அனுப்பிவைத்தது. வார்னர் அந்த லீக்கிலேயே அதிக யார்டுகளும், அதிக டச்டவுன்களும் வீசிவிட்டுத் திரும்பினார். அப்படியும் ராம்ஸில் மூன்றாவது குவார்ட்டர்பேக்தான். அந்த வருடம் ஒரே ஒரு போட்டியில் கொஞ்ச நேரம் தலைகாட்டினார்.

1999 தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி மீண்டும் உயிர்பெற்றது. மற்ற அணிகள் விட்டுத்தரத் தயாராக இருக்கும் வீரர்களிலிருந்து அந்த அணி ஆள் எடுக்கலாம் என்று ஏற்பாடு. 'எங்களுக்கு இவர் போனாலும் பரவாயில்லை' என்ற பட்டியலில் வார்னரை வைத்தது ராம்ஸ். பிரவுன்ஸும் எடுக்கவில்லை. அதாவது, இருக்கும் அணிக்கும் அவர் தேவையில்லை. ஆள் தேடும் அணிக்கும் தேவையில்லை.

ராம்ஸ் தன் புதிய குவார்ட்டர்பேக்காக டிரெண்ட் கிரீனைக் கொண்டுவந்தது. செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர். அவரும் பல ஆண்டுகள் பெஞ்சில் காத்திருந்து மேலே வந்தவர். சொந்த ஊர் அணிக்குத் தலைமை. அவர் கனவும் நியாயமான கனவுதான்.

1999 ஆகஸ்ட் 28. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். எதிரணி வீரர் ஒருவர் மோதியதில், கிரீனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த வருடம் முழுக்க அவரால் ஆட முடியாது. தலைமைப் பயிற்சியாளர் டிக் வெர்மீல், செய்தியாளர்கள் முன்பு கண் கலங்கினார். அதே சந்திப்பில்தான், வார்னரை வைத்து நல்ல ஆட்டம் ஆடுவோம் என்றும் சொன்னார். அவர் ஏதோ சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றே பலரும் நினைத்தார்கள்.

ஒருவரின் வலி, இன்னொருவரின் வாய்ப்பு. விளையாட்டின் கொடூரமான கணக்கு இது. வார்னரின் கதையைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட முடியாது. அதிர்ஷ்டம் இல்லாமல் அவர் வரவில்லை. ஆனால், அதே அதிர்ஷ்டம் 1994-லும் ஒருமுறை வந்தது, இல்லையா? அன்று அவர் தயாராக இல்லை. இந்த முறை இருந்தார்.

யார் இந்த ஆள்?

முதல் மூன்று போட்டிகளில் ஒவ்வொன்றிலும் மூன்று டச்டவுன் பாஸ்கள். தொடர்ந்து 17 முறை ராம்ஸைத் தோற்கடித்திருந்த சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக, ஒரே போட்டியில் ஐந்து! அமெரிக்காவின் பிரபல விளையாட்டு இதழ் ஒன்று, 'யார் இந்த ஆள்?' என்று கேட்டு அட்டைப்படமே போட்டது.

முந்தைய வருடம் 4 வெற்றி, 12 தோல்வி என்று கிடந்த அணி, 13 வெற்றி, 3 தோல்வி என்று நிமிர்ந்தது. வார்னர் வீசியது 4,353 யார்டுகள், 41 டச்டவுன்கள். லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கே கிடைத்தது. அலமாரி அடுக்கிய அதே கைகள்!

2000 ஜனவரி 30. அட்லான்டாவில் சூப்பர் பவுல். எதிரணி, டென்னஸி டைட்டன்ஸ். இரண்டு நிமிடங்களே மிச்சமிருக்க, ஸ்கோர் 16-16. வார்னர் பந்தை வாங்கினார். எதிரணி வீரர் மேலே வந்து மோதும் அதே நொடியில், நீளமாக ஒரு வீச்சு. ஐசக் புரூஸ் பிடித்து ஓடினார். 73 யார்டு டச்டவுன்! கடைசி விநாடியில் டைட்டன்ஸ் வீரர் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு முன்னால் மடக்கப்பட, 23-16 என்று ராம்ஸ் வென்றது. வார்னர் அன்று வீசிய 414 யார்டுகள், அப்போதைய சூப்பர் பவுல் சாதனை.

டிராஃப்டில் யாருமே தேர்ந்தெடுக்காமல் வந்து, லீக்கின் சிறந்த வீரர், சூப்பர் பவுலின் சிறந்த வீரர் என இரண்டு விருதுகளையும் வென்றவர் அவர் ஒருவர்தான். 1994-ல் மூன்றாவது ஆளாகத் தேர்வான ஹீத் ஷூலர், சில ஆண்டுகளிலேயே களத்தைவிட்டு விலகி, பிறகு அரசியலுக்குப் போய் நாடாளுமன்ற உறுப்பினரானார். டிரெண்ட் கிரீனும் உடைந்துபோகவில்லை. கன்சாஸ் சிட்டி அணிக்குப் போய்ப் பல ஆண்டுகள் சிறப்பாக ஆடினார். 22 வயதில் எழுதப்படும் தரவரிசை, யாருடைய தலையெழுத்தும் இல்லை.

மறுபடியும் பெஞ்ச்... மறுபடியும் எழுச்சி!

அதன்பிறகு எல்லாம் சுகம் என்று நினைத்தால், அதுவும் இல்லை. 2001-ல் இரண்டாவது முறையாக லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கினார். பிறகு காயங்கள், தடுமாற்றம். 2004-ல் ராம்ஸ் அவரை விடுவித்தது. நியூயார்க் ஜயன்ட்ஸில் அதே ஆண்டு புதுமுகம் எலை மேனிங்குக்காக இடத்தைவிட்டு விலக வேண்டியிருந்தது. அரிசோனா கார்டினல்ஸில் மீண்டும் போட்டி, மீண்டும் காத்திருப்பு. 37 வயதில் அந்த அணியை அதன் முதல் சூப்பர் பவுலுக்கு அழைத்துப்போனார். 2009 பிப்ரவரியில் நடந்த அந்தப் போட்டியில் மயிரிழையில் தோல்வி. 2010-ல் ஓய்வு. 2017-ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம்.

இப்போது வார்னரும் பிரெண்டாவும் ஏழு பிள்ளைகளின் பெற்றோர். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் புது வீட்டுக்குக் குடிபோகும்போது, அந்த வீட்டுக்குத் தேவையான பொருள்களை வாங்கிவைத்துத் தருகிறது அவர்கள் நடத்தும் அறக்கட்டளை. மாற்றுத்திறனாளி இளைஞர்கள் தங்கி, தங்கள் காலில் நின்று வாழப் பழகும் ஓர் இல்லத்தையும் அரிசோனாவில் தொடங்கியிருக்கிறார்கள். அதற்குக் காரணம், அன்று ரோஜாவுடன் வந்தவரின் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப்போன, பார்வை குறைந்த அந்தச் சிறுவன்தான்.

தேர்வு முடிவு, இன்டர்வியூ, பிரமோஷன் என்று பட்டியலில் பெயர் வராத நாள் ஒன்று எல்லோர் வாழ்க்கையிலும் உண்டு. அந்த நாளுக்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவே எவ்வளவு காலம் என்பது நம் கையில் இல்லை. அந்த வாய்ப்பு வரும் என்பதற்கும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. வந்தால், இந்த முறை உள்ளே போய் ஆடத் தயாரா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

வார்னர் அதற்கு ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அதில் ஒரு நாளும் வீணாகவில்லை!