தோலுக்குள் போனால் மட்டும் போதுமா?

மாத்திரை என்றால் வயிற்றையும் கல்லீரலையும் தாண்ட வேண்டும். ஊசி என்றால் வலி. தோலில் தடவுவதுதான் சுலபம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் தோல் அவ்வளவு எளிதில் வழி விடுவதில்லை!

தோலின் மேல்பகுதியில் இறந்த செல்களால் ஆன ஒரு படலம் உள்ளது. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான். செல்கள் செங்கல் என்றால், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு சாந்து. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகள் இந்தச் சுவரைக் கடப்பது கடினம்.

சாந்து கொழுப்பு என்பதால் மருந்தையும் கொழுப்பில் பொதிந்து அனுப்பலாமே? அதற்கு உதவுவதுதான் லைப்போசோம். நடுவில் நீர், சுற்றிலும் பாஸ்போலிப்பிட் உறை கொண்ட நுண்ணிய குமிழ் அது. 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் இதைக் கண்டறிந்தார். 1980இல் கனடாவில் மெசெய், குலசேகரம் இருவரும் ஒரு ஸ்டீராய்டு மருந்தை இப்படிப் பொதிந்து முயல்களின் தோலில் தடவினார்கள். சாதாரண முறையைவிட நான்கு மடங்குக்கும் மேலான மருந்து தோலில் தங்கியது. உடலின் மற்ற பகுதிகளுக்குச் சென்றதோ குறைவு.

இதில் கவனிக்க வேண்டியது 'தங்கியது' என்ற சொல். படைக்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் மருந்து தோலிலேயே நிற்க வேண்டும். நிக்கோட்டின் பேட்ச் போன்றவற்றில்தான் மருந்து ரத்தத்தை எட்ட வேண்டும். இரண்டும் வேறு வேறு தேவைகள்.

ஆனால் விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைப் பேசுவதில்லை. 1986இல் டியோர் நிறுவனம் 'கேப்சர்' என்னும் லைப்போசோம் அழகு க்ரீமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று 'நானோ', 'ஆழமாக ஊடுருவும்' என்பவையெல்லாம் தரத்தின் முத்திரை போல ஆகிவிட்டன. ஆழமாகப் போவது எப்போதும் நன்மைதானா?

இந்தியாவில் ஸ்டீராய்டு க்ரீம்களைச் சிவப்பழகுக்காகப் பூசி முகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். அதனால்தான் 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. இப்படித் தவறாகப் பூசப்படும் மருந்தைத் தோலுக்குள் இன்னும் அதிகமாகச் செலுத்தினால், கேடும் கூடவே அதிகமாகும் அல்லவா?

முயலின் தோல் மனிதத் தோலைவிட எளிதாக மருந்தை உள்ளே விடும். ஆகவே முயலில் கிடைத்த வெற்றி மட்டும் போதாது. எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பதோடு, அது எங்கே நிற்கிறது என்பதையும் மனிதத் தோலில் சோதித்து நிறுவனங்கள் சொல்ல வேண்டும். அதுவரை 'ஆழமாக ஊடுருவும்' என்பது வெறும் விளம்பர வாசகமே!