தேடப் போகிறவர்களில் நம்மவரும் இருக்க வேண்டும்

பிரித்தானியாவில் மலைகளில் வழி தவறியவரைத் தேட மலை மீட்புக் குழுக்கள் இருப்பதை நம்மிற் பலர் அறிவோம். கடலோரத்துக்குக் கரையோரக் காவற்படை இருக்கிறது. ஆனால் நம்மவரிற் பெரும்பாலோர் மலையிலும் வசிக்கவில்லை, கடலோரத்திலும் வசிக்கவில்லை. ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், குரொய்டன் என்று சமநிலத்திலேயே குடியிருக்கிறோம். இங்கே வீட்டைவிட்டுப் போன ஒருவர் இரவாகியும் திரும்பாவிட்டால், பூங்காக்களிலும் பற்றைக்காடுகளிலும் கால்வாய்க் கரைகளிலும் தேடுகிறவர்கள் யார்?

பொலிசார் என்று சொல்வோம். அது பாதி விடைதான். தேடும் பொறுப்பு பொலிசாருடையது. ஆனால் அவர்கள் அழைத்ததும் வேலைக் களைப்போடு எழுந்து வந்து, அவர்களோடு சேர்ந்து தேடுகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். 'லோலாண்ட் ரெஸ்கியூ' என்னும் அமைப்பின் கீழ் இத்தகைய சமநில மீட்புக் குழுக்கள் 30-க்கும் மேல் இயங்குகின்றன. லண்டன், சர்ரே, கென்ற், எசெக்ஸ் ஆகிய பகுதிகளுக்குத் தனித்தனியே குழுக்கள் உண்டு. எல்லாம் நன்கொடையால் நடக்கும் தரும ஸ்தாபனங்கள்.

இக்குழுக்களில் நம் சமூகத்தவர் சிலராவது முறைப்படி பயிற்சி பெற்றுச் சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். இதற்கு நன்றிக்கடன் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது.

1983-ஆம் ஆண்டுக்குப் பின் முப்பது வயதில் இங்கு வந்து இறங்கியவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயுடன் இந்நாட்டில் 9 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். நம் பெரியவர்கள் இதற்கு விலக்கல்ல. இந்நோய் முற்றும்போது, பிற்காலத்திற் கற்ற மொழி முதலிற் கழன்றுபோய்த் தாய்மொழியே மிஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. நாற்பது வருடம் ஆங்கிலத்தில் உத்தியோகம் பார்த்த ஐயாவுக்கும் கடைசியில் தமிழ் மட்டுமே எட்டும்.

காணாமற்போனவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ரொபேர்ட் கோஸ்ரர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 50,000-க்கும் மேற்பட்ட சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2008-இல் நூலாக வெளியிட்டார். மறதிநோயாளரைப் பற்றி இத்துறையினர் சொல்வது நாம் அனைவரும் கேட்க வேண்டியது. அவர்கள் நேராக நடந்துகொண்டே போவார்கள். முட்செடியோ பள்ளமோ வேலியோ தடுக்கும் இடத்தில் சிக்கி நின்றுவிடுவார்கள். உதவி கேட்டுக் கூப்பிட மாட்டார்கள். மற்றவர் கூப்பிட்டாலும் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார்கள். சமநிலத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே இருப்பார்கள்.

இனி நம் நிலையை எண்ணிப் பாருங்கள். நம்மிற் பலருக்குக் கடவுச்சீட்டிற் குடும்பப் பெயராக இருப்பது தகப்பனின் பெயர். இருட்டில் நின்று அந்தப் பெயரோடு 'மிஸ்டர்' சேர்த்துக் கூப்பிட்டால், அந்தக் கிழவருக்கு அது என்றோ மறைந்துபோன தன் தகப்பனைக் கூப்பிடுவதாகவே கேட்கும். அவரே வாய் திறக்கத் தயங்குகிறவர். "அப்பு, எங்கை இருக்கிறியள்? வாங்கோ, வீட்டை போவம்" என்று ஒரு குரல் தமிழிற் கேட்டால் அவர் திரும்பிப் பார்க்கக்கூடும். அந்தக் குரலுக்கு உரியவர் தேடும் குழுவிலே இருந்தாற்றானே கூப்பிட முடியும்?

"அப்படி ஒன்று நடந்தால் நாங்கள் ஐம்பது பேர் காரெடுத்துக்கொண்டு போகமாட்டோமா?" என்று சிலர் கேட்பார்கள். போவோம். அந்த மனதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஐம்பது பேர் நினைத்த திசையில் ஓடினால், ஒரே பாதையை ஐந்து தடவை பார்ப்போம், பக்கத்துப் பற்றையை ஒருவரும் பார்க்க மாட்டோம். அடிச்சுவடுகள் மிதிபட்டுப் போகும். மோப்ப நாய்க்கு வேலை கடினமாகும். எங்கே தேடினோம், எங்கே தேடவில்லை என்று எவருக்கும் சொல்லத் தெரியாது.

தேடுதல் என்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில். இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக அமெரிக்கக் கடற்படையின் கணித அறிஞர்கள் வகுத்த முறையே இதற்கும் அடிப்படை. எந்தப் பகுதியில் ஆள் இருக்க வாய்ப்பு எவ்வளவு, அங்கு தேடியவர்களின் கண்ணுக்குத் தப்பியிருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு, அடுத்த குழுவை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே 'இங்கே இல்லை' என்று ஒரு தொண்டர் சொல்லும் சொல்லுக்கும் பெறுமதி உண்டு. அவர் சரியாகப் பார்க்காமல் அப்படிச் சொன்னால், ஆள் கிடக்கும் இடத்தை விட்டுவிட்டு எல்லோரும் அப்பால் போய்விடுவார்கள்.

புதிய தொண்டருக்கு என்ன கற்பிக்கிறார்கள்? முதலில் வரைபடம். 1:25,000 அளவுப் படத்தில் நான்கு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். ஆறு இலக்க எண் ஒன்றினால் நூறு மீற்றர்ச் சதுரத்துக்குள் தான் நிற்கும் இடத்தைச் சொல்லப் பழக வேண்டும். அடுத்து வானொலிக் கருவியிற் சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசுதல். பின்னர் தேடும் முறை. மூன்று நான்கு பேராகப் பாதைகளையும் அவற்றின் ஓரங்களையும் முதலிற் பார்ப்பார்கள். முன்னே பார்த்தால் மட்டும் போதாது. அடிக்கடி திரும்பிப் பின்னாலும் பார்க்க வேண்டும், ஏனெனில் பற்றையின் மறுபக்கத்திற் கிடப்பவர் அப்போதுதான் கண்ணிற் படுவார். வரிசையாகத் தேடும்போது ஆளுக்கு ஆள் எவ்வளவு இடைவெளி? ஒரு பொருளைத் தரையில் வைத்து, அது கண்ணுக்கு மறையும் எல்லைவரை இருபுறமும் விலகி நடந்து, அந்தந்த நிலத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப அளந்து கொள்கிறார்கள். செருப்பு ஒன்று கிடந்தால் கையால் எடுக்கக்கூடாது, இடத்தைக் குறித்து அறிவிக்க வேண்டும். தண்ணீரருகே போவதற்குத் தனிப் பயிற்சி உண்டு. தனியாக ஒருவரும் தேடுவதில்லை.

முதலுதவியும் இதில் அடங்கும். உடல் வெப்பம் 35 பாகை சென்ரிகிரேட்டுக்குக் கீழே இறங்கினால் உயிராபத்து. ஈர உடையோடு ஓர் இரவு கிடந்த முதியவருக்கு இது இலையுதிர் காலத்திலும் நேரலாம். அப்படிப்பட்டவரைக் கண்ட மகிழ்ச்சியிற் பிடித்துத் தூக்கி நிறுத்தக்கூடாது. அசைக்காமற் படுத்தபடியே, மெதுவாகப் போர்த்திக் காக்க வேண்டும். இவையெல்லாம் தேவைப்பட்ட இரவிலே போய்க் கற்க முடியாதவை. பல மாதப் பயிற்சியும் தேர்வும் முடிந்த பிறகே தொண்டரைத் தேடுதலுக்கு அனுப்புகிறார்கள்.

பெற்றோரின் தயக்கத்தையும் ஒளிக்காமற் பேசுவோம். தேடப்படுகிறவர்களில் மனமுடைந்து உயிரை விடப் போனவர்களும் உண்டு. சில தேடுதல்கள் சடலத்திலே முடியும். இருபது வயதுப் பிள்ளை இதைக் காண வேண்டுமா என்று தாய் தகப்பன் கேட்பது நியாயம். இது எல்லோருக்குமான தொண்டல்ல. சேருமுன் இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். அத்தகைய இரவுகளுக்குப் பிறகு தொண்டர்களோடு பேசி ஆறுதல் சொல்லும் ஏற்பாடு குழுக்களில் உண்டு. ஒரு தாயிடம் அவளுடைய மகனைச் சடலமாகவேனும் ஒப்படைப்பதும் அவளுக்குச் செய்யும் உதவியே. காணாமற்போனவர்களுக்காகப் பல வருடம் வாசலிற் காத்திருந்த குடும்பங்களைக் கண்ட நம் சமூகத்துக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நேரமில்லை என்பது இன்னொரு தடை. பயிற்சிக்குச் சில மாலைகளும் வார இறுதிகளும் தேவைதான். ஆனால் எல்லா அழைப்புக்கும் எல்லோரும் போக வேண்டுமென்ற கட்டாயமில்லை. வேலையும் குழந்தைகளும் உள்ளவர்களே இவற்றை நடத்துகிறார்கள். பதினெட்டு வயது நிரம்பி, கரடுமுரடான நிலத்திற் சில மணி நேரம் நடக்கக் கூடியவர்கள் விண்ணப்பிக்கலாம். நடக்க இயலாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. வண்டி ஓட்டவும், பதிவு எழுதவும், நிதி திரட்டவும் ஆட்கள் வேண்டும். பயிற்சி நாளிற் 'காணாமற்போனவராக' மரத்தடியில் ஒளிந்திருக்கவும் ஆள் தேவை. ஓய்வுபெற்ற நம் மாமாமார் இதற்குப் பொருத்தமானவர்கள். பேசாமல் இருப்பது ஒன்றுதான் அவர்களுக்குச் சிரமம்.

குழுவிற் சேராதவர்களும் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. 'ஹேர்பேர்ட் புரொட்டக்கோல்' என்ற படிவம் பொலிசாரிடம் கிடைக்கும். நோர்மண்டித் தரையிறக்கத்திற் போரிட்டு, முதுமையில் மறதிநோயால் அலைந்த ஜோர்ஜ் ஹேர்பேர்ட் என்பவரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. வீட்டிலுள்ள மறதிநோயாளரின் படம், மருந்துகள், முன்பு குடியிருந்த இடங்கள், வழமையாகப் போகும் இடங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பேசும் மொழியையும், வீட்டிற் கூப்பிடும் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். அவர் காணாமற்போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்று சொல்வது தவறு. உடனே 999-ஐ அழையுங்கள்.

நம் சங்க நிர்வாகக் குழுவிடம் கேட்பது இரண்டு. அருகிலுள்ள மீட்புக் குழுவினரை ஒரு ஞாயிறு மாலை அழைத்து, நம் இளைஞர் முன்னிலையிற் பேசச் செய்யுங்கள். அதே மாலையில் அந்தப் படிவத்தை நிரப்ப முதியோர் குடும்பங்களுக்கு உதவுங்கள். திருவிழாக் கூட்டத்தில் தவறிய பிள்ளையைத் தேடிப் பிடித்துத் தாயிடம் சேர்க்கும் தொண்டர்கள் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் இந்த வருடம் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாற்கூட நல்ல தொடக்கமாகும்.