தேர்தல் பணி ஒருநாள் வேலையா?

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது. தேர்தல் பணி என்பது ஐந்தாண்டுக்கு ஓரிரு முறை வரும் ஒருநாள் வேலை. அதற்கும் படி தருகிறார்கள். வாக்குப்பதிவு எந்திரம் வந்தபின் அந்த வேலையிலும் பாதி குறைந்துவிட்டது. அப்படியும் இறந்தவர் பெயர் பட்டியலில் நீடிக்கிறது, உயிரோடு இருப்பவர் பெயர் காணாமல் போகிறது என்றால் அது அலுவலரின் அலட்சியம், அல்லது உள்நோக்கம். பிழைகள் நடப்பது உண்மை. ஒரு குடிமகன் வாக்களிக்க முடியாமல் திரும்பிப்போவது சிறிய விஷயமும் அல்ல. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு தவறான ஆளைக் கைகாட்டுகிறது. பிழைகளில் பெரும்பகுதி, கடைசி நிலையில் நிற்பவரிடம் பொறுப்பை மட்டும் ஒப்படைத்து, முடிவெடுக்கும் அதிகாரத்தையும் போதிய அவகாசத்தையும் கொடுக்காத ஏற்பாட்டிலிருந்து பிறக்கிறது.

முதலில் அந்த 'ஒருநாள்' கணக்கைப் பார்ப்போம். வாக்காளர் பட்டியல் வேலைக்கு ஓய்வே கிடையாது. 2022 முதல் பதினெட்டு வயது நிறைவைக் கணக்கிட ஜனவரி 1 மட்டுமல்ல, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தேதிகள். சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ. தமிழ்நாட்டில் இவர்களில் பலர் அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள். அவர்களுடைய அன்றாட வேலை அப்படியே இருக்க, இது அதன்மேல் வந்து சேர்கிறது. இதற்கான மதிப்பூதியம் 2025 ஆகஸ்ட் வரை ஆண்டுக்கு 6,000 ரூபாய். பிறகு 12,000 ஆக உயர்த்தினார்கள். உயர்த்திய பின்னும் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்தான். இதைக் காட்டி 'படி வாங்குகிறார்களே' என்று வாதிடுபவர்கள் அந்தத் தொகையையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

அடுத்தது, இறந்தவர் பெயர் பட்டியலில் நீடிப்பது. 'தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சாவு பி.எல்.ஓ.வுக்குத் தெரியாதா?' என்கிறார்கள். தெரிந்திருக்கலாம். ஆனால் ஒரு பெயரை நீக்கும் அதிகாரம் பி.எல்.ஓ.வுக்கு இல்லை. அது வாக்காளர் பதிவு அலுவலருக்கு உரியது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 22-ஆம் பிரிவில், ஒருவர் இடம் மாறிவிட்டார் அல்லது தகுதி இழந்தார் என்று பெயரை நீக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது. இந்தத் தடை வேண்டும். இது இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் எடுத்துவிடலாம். இறப்பைப் பொறுத்தவரை சிக்கல் வேறு. இறப்புப் பதிவு உள்ளாட்சி அமைப்புகளில் நடக்கிறது, வாக்காளர் பட்டியல் வேறு துறையில் இருக்கிறது. இறப்புப் பதிவுத் தரவை இந்தியத் தலைமைப் பதிவாளரிடமிருந்து மின்னணு முறையில் பெறப்போவதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்ததே 2025 மே மாதத்தில்தான். அதுவரை குடும்பத்தார் படிவம் 7 கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் வீடுவீடாகப் போய் விசாரித்தால் உண்டு. இரண்டு அரசு ஏடுகள் ஒன்றோடொன்று பேசாமல் இருந்ததற்கான பழியை ஓர் அங்கன்வாடிப் பணியாளர் மேல் சுமத்த முடியாது.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. 2025 நவம்பர் 4-இல் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், ஏறத்தாழ 6.41 கோடிப் பெயர்கள் இருந்த தமிழ்நாட்டுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் டிசம்பர் 19-இல் வெளியான வரைவில் இடம்பெறவில்லை. ஆறே வாரத்தில் முடிந்த காரியத்தை இருபது ஆண்டு செய்யாமல் விட்டது ஏன் என்பது கேள்வி. விடை அலுவலரின் சுறுசுறுப்பில் இல்லை, மாற்றப்பட்ட விதியில் இருக்கிறது. வழக்கமான திருத்தத்தில் பெயரை நீக்கத்தான் சான்று வேண்டும். இந்தத் திருத்தத்தில், கணக்கெடுப்புப் படிவம் திரும்பி வராவிட்டால் பெயர் வரைவில் ஏறாது. நிரூபிக்கும் சுமை வாக்காளர் பக்கம் நகர்ந்தது. விடுபட்டவர்களில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலானோர் முகவரியில் இல்லாதவர்கள், இடம்பெயர்ந்தவர்கள் என்ற வகை. அவர்களில் உண்மையிலேயே போய்விட்டவர் யார், மூன்று முறை கதவைத் தட்டியபோது வேலைக்குப் போயிருந்த வாடகைக் குடித்தனக்காரர் யார் என்று பிரித்தறிவது நேரம் கேட்கும் வேலை. அந்த நேரம் தரப்படவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே, படிவம் கொடுத்து, வாங்கி, 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, செயலியில் பதிவேற்ற முதலில் கொடுத்த கெடு ஒரே மாதம். கெடுவை டிசம்பர் 14 வரை நீட்டியதே அந்தக் கணக்கு பொருந்தவில்லை என்பதற்கு ஆணையம் தந்த ஒப்புதல்.

எந்திரம் வேலையைக் குறைத்துவிட்டது என்பது மூன்றாவது வாதம். எண்ணும் வேலை குறைந்தது, மறுக்கவில்லை. 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டபோது வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சானது. அந்தத் துன்பம் இனி இல்லை. ஆனால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் சுமை உருமாறியதே தவிரக் குறையவில்லை. காலை 7 மணி வாக்குப்பதிவுக்கு 5.30-க்கே மாதிரி வாக்குப்பதிவு. வேட்பாளர்களின் முகவர்கள் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். குறைந்தது 50 வாக்கு, நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒன்றாவது. 2024-இல் கரூரில் 54 வேட்பாளர்கள்; ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பெயர்தான் அடங்கும் என்பதால் அங்கே நான்கு கருவிகள். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர், ஐந்து கருவிகள். வாக்கைச் சீட்டில் அச்சிடும் விவிபேட் கருவி ஒவ்வொரு சீட்டையும் 7 விநாடி காட்டும். பிறகு முடிவைக் காட்டி, மாதிரி வாக்குகளைக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து அழித்து, விவிபேட் பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுத்து, முத்திரை குத்தி, கறுப்பு உறையில் இட்டு, முகவர்களிடம் கையெழுத்து வாங்கி, பச்சைத் தாள் முத்திரையின் எண்ணைக் குறித்து, கருவியை மூட வேண்டும். இதில் 'அழி' பொத்தானை மறந்தால், எண்ணிக்கை நாளில் எந்திரத்தின் கணக்கும், பதிவான வாக்குகளை அலுவலர் எழுதும் படிவம் 17சி-யின் கணக்கும் பொருந்தாது. மறுநாளே 'எந்திரத்தில் மோசடி' என்ற செய்தி பரவும். மறதிக்கு ஒரு நொடி போதும், அதன் விலையை முழுத் தொகுதியும் கொடுக்கும். எந்திரம் வந்ததால் அலுவலரின் கவனத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது என்பதே சரி.

அந்தக் கவனத்தை எந்த நிலையில் கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். எந்தச் சாவடி என்பது கணினிக் குலுக்கலில் கடைசி நேரத்தில்தான் முடிவாகிறது. சார்பு இருக்கக்கூடாது என்பதற்காக வந்த நல்ல விதி இது; எனினும் அதன் விளைவாக, உடன் பணியாற்றும் வாக்குப்பதிவு அலுவலர்களைத் தலைமை அலுவலர் பெரும்பாலும் முந்தைய நாள்தான் முதன்முறையாகச் சந்திக்கிறார். கருவிகளையும் படிவக் கட்டுகளையும் சரிபார்த்து வாங்கி, மண்டலத்துக்கான வண்டியில் ஏறி, சாவடியாகும் பள்ளியிலேயே இரவு தங்க வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் உண்டா, மின்விசிறி சுழலுமா என்பது போய்ச் சேர்ந்தபின்தான் தெரியும். பெண் அலுவலர்களுக்கு இது சிறிய கவலை அல்ல. தூக்கம் குறைந்த அந்த இரவுக்குப் பிறகுதான் 5.30 மணி வேலை. மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு எண்ணிட்ட சீட்டு கொடுத்து, கடைசி ஆள் வாக்களித்த பின் முத்திரையிட்டு, பெட்டிகளைச் சேர்ப்பு மையத்தில் ஒப்படைத்து விடுதலையாகும்போது பலருக்கு நள்ளிரவு கடந்துவிடும்.

அப்படியானால் அலட்சியமே இல்லையா? இருக்கிறது. வீட்டுக்குப் போகாமலே போனதாக எழுதியவரும், பட்டியலில் ஆளுங்கட்சிக்காரர் சொல்படி ஆடியவரும் தண்டிக்கப்படட்டும். 1950 சட்டத்தின் 32-ஆம் பிரிவு, பட்டியல் பணியில் கடமை தவறினால் மூன்று மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரையான சிறைத்தண்டனையைச் சொல்கிறது. ஆனால் தண்டனை பயம் மட்டுமே தரத்தைக் கொண்டுவரும் என்றால், 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவைப் போட வேண்டியிருக்காது. திருத்தப் பணிச்சுமையைக் குறைக்கக் கூடுதல் பணியாளரை அமர்த்துங்கள், தக்க காரணம் காட்டி விலக்குக் கேட்பவரைத் தனித்தனியே பரிசீலியுங்கள் என்று மாநில அரசுகளுக்கு அது கட்டளையிட்டது. பல மாநிலங்களில் பி.எல்.ஓ.க்கள் இறந்த செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. வழக்கு நீதிமன்றம்வரை போன பிறகே ஆள்பலம் பேசுபொருளானது என்பதுதான் கவலைக்குரியது. ஒரு சாவடிக்கு எத்தனை வீடு, ஒரு வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்று கெடு குறிப்பதற்கு முன்பே கணக்குப் போட்டிருக்க வேண்டும். அடுத்த திருத்தத்துக்கு நாள் குறிக்கும்போது அந்தக் கணக்கை வெளியிடும்படி கட்சிகளும் வாக்காளர்களும் ஆணையத்திடம் கேட்கலாம். கேட்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும்; ஏனெனில் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நேரம் கடந்துவிட்டால் அதே 1950 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. வாக்குப்பதிவு நாளில் சாவடி வாசலில் நின்று தலைமை அலுவலரிடம் சண்டை போட்டாலும் அவரால் ஒரு பெயரைக்கூட எழுத இயலாது.