படிகள் வேண்டும், மதில்கள் வேண்டா!

அமெரிக்க நாட்டு நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்கு நரம்பிசைப் பல்லியம் ஒரு பாடமாகவே கற்பிக்கப்பெற்று வருகின்றது. மேலையர் 'ஆர்க்கெசுட்ரா' என வழங்கும் கூட்டிசைக்குப் பல்லியம் என்பதே நம் பழஞ்சொல். நெடும்பல்லியத்தனார் என்னும் கழகப் புலவரின் பெயரில் அச்சொல் இன்றும் உயிர்வாழ்கின்றது. தோளில் தாங்கும் வயலின், அதனினும் சற்றுப் பெரிய வியோலா, அமர்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லிழுக்கும் செல்லோ, யாவற்றினும் பெரிய இரட்டைப் பாசு ஆகிய நான்கும் கூடியதே நரம்பிசைப் பல்லியம்.

அவ் வகுப்பறையில் எழும் ஒரு சிக்கலைப் பற்றியே இத் திங்கள் எழுதுகின்றோம். அஃது இசையாசிரியர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. கல்வி யாருக்கு என்னும் வினாவே அங்கு இசையுருவில் எழுந்து நிற்கின்றது.

ஐந்தாம் அகவையிலேயே தனியாசிரியரிடம் பயிலத் தொடங்கிய பிள்ளையும், பதினோராம் அகவையில் பள்ளி தந்த கருவியை முதன்முறையாகத் தொட்ட பிள்ளையும் அவ் வகுப்பில் அருகருகே அமர்கின்றனர். ஒருவர்க்கு வில்லைப் பிடிக்கும் வகையே தெரியாது. மற்றவரோ கழுத்துப் பலகையில் மூன்றாம் நிலைக்குக் கையை ஏற்றி எளிதாக இசைக்கின்றார். ஆசிரியர் ஒருவர், பாடவேளை ஒன்று. முன்னவர்க்கேற்பக் கற்பித்தால் பின்னவர் சலிக்கின்றார். பின்னவர்க்கேற்பக் கற்பித்தால் முன்னவர் கூசிக் குறுகிக் கருவியையே கீழே வைத்துவிடுகின்றார்.

இதற்குப் பள்ளிகள் பல கண்ட எளிய வழி, தேர்வு வைத்துப் பிரித்துவிடுவதே. வல்லவர்க்கு ஒரு குழு, இடைப்பட்டார்க்கு ஒரு குழு, தொடக்கத்தார்க்கு ஒரு குழு எனப் பெயர் சூட்டிப் பிரிக்கின்றனர். ஒரே குழுவினுள்ளும் முதல் நாற்காலி, இரண்டாம் நாற்காலி எனத் தரவரிசை வகுத்து அமர்த்துகின்றனர். பிரிப்பதே பிழை என்று நாம் கூறவில்லை. திறனளவில் வேறுபாடு உண்டு என்பது கண்கூடு. அதைக் காணாதவர் போல் நடிப்பது மாணவர்க்கு நன்மை செய்வதாகாது. ஆயினும், அத் தேர்வு உண்மையில் எதை அளக்கின்றது? பதினோராம் அகவையில் வைக்கப்பெறும் தேர்வு, பிள்ளையின் ஆற்றலை அளப்பதினும் தந்தையின் பணப்பையையே பெரிதும் அளந்துவிடுகின்றது. ஆறாண்டுத் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டிய வீடு வெல்கின்றது. கட்டவியலாத வீடு தோற்கின்றது. அத் தோல்விக்குத் 'திறமின்மை' என்று பெயரிடுவது கொடுமையன்றோ?

பள்ளி நரம்பிசை வகுப்பின் பிறப்பை நோக்கின், அது பிரிப்பதற்காகத் தோன்றியதன்று என்பது விளங்கும். 1897-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மெய்டுசுட்டன் நகரப் பள்ளியொன்றில் வயலின் கூட்டு வகுப்புத் தொடங்கப்பெற்றது. இலண்டனைச் சேர்ந்த மருடாக்கு என்னும் இசைக்கருவி வணிக நிறுவனம், சிறு சிறு தவணைகளில் விலை பெற்றுக்கொண்டு எளிய வீட்டுப் பிள்ளைகட்கும் வயலின் கிடைக்கச் செய்தது. வணிக நோக்கம் அதிலிருந்தது உண்மையே. எனினும், அதுவரை செல்வர் வீட்டுக் கூடத்தில் அடைந்து கிடந்த கருவி, உழைப்பாளர் தெருவுக்கு வந்தது அவ் வழியால்தான். அவ் வகுப்புகளைக் காண 1910-இல் அமெரிக்காவிலிருந்து சென்றவர் ஆல்பர்ட்டு மிச்செல் என்னும் இசைக்கல்வியாளர். அவர் திரும்பிவந்து 1911-இல் பாசுட்டன் நகரப் பள்ளிகளில் வயலின் கூட்டு வகுப்புகளைத் தொடங்கினார். இன்றைய அமெரிக்கப் பள்ளிப் பல்லியங்கட்கு அது முன்னோடிகளுள் ஒன்று. ஆக, எல்லார்க்கும் என்று தொடங்கியதைச் சிலர்க்கே என்று முடிப்பது தோற்றத்தையே மறப்பதாகும்.

கருவிகளின் அமைப்பே நமக்கொரு பாடம் புகட்டுகின்றது. நான்கு கருவிகட்கும் நந்நான்கு நரம்புகள். அவற்றுள் மூன்று நரம்புகளின் இசை நான்கிற்கும் பொது. வயலினின் கீழ் மூன்று நரம்புகளும், ஏனைய மூன்று கருவிகளின் மேல் மூன்று நரம்புகளும் மெலிவு, சமன், வலிவு என இயக்கத்தால் வேறுபடினும் பெயரால் ஒன்றே. வயலினின் உச்ச நரம்பு வியோலாவுக்கில்லை. வியோலாவின் அடி நரம்பு வயலினுக்கில்லை. ஆதலால் தேர்ந்த ஆசிரியர் எல்லார்க்கும் பொதுவான நரம்புகளிலேயே முதற்பாடத்தைத் தொடங்குகின்றார். நால்வகைக் கருவியரும் முதல் நாளிலேயே ஒன்றாக ஒலிக்கக் கூடுவது அதனால்தான்.

அப்பொதுமையிலும் ஒரு நுட்பம் உண்டு. வயலினில் முதல் நிலையில் கையை அசைக்காமலேயே இசைக்கத்தக்க எளிய இசைநிரல், இரட்டைப் பாசில் கையை மேலும் கீழும் நகர்த்தியே இசைக்க வேண்டுவதாகின்றது. அதன் நரம்பு அத்துணை நீளம். எனவே ஒரே பாட்டு எல்லார்க்கும் ஒரே அளவு எளிதன்று. பாசு கற்கும் பிள்ளை சற்றுப் பின்தங்கினால் அது பிள்ளையின் குறையன்று, கருவியின் இயல்பு. இதனை அறியாமல் ஒரே கோலால் அளப்பவர் நல்லாசிரியராகார்.

அங்ஙனமாயின் வழி யாது? மாணவரைப் பிரிப்பதை விட்டு, இசையைப் பிரித்தெழுதுவதே வழி. இதனை உலகறியச் செய்துகாட்டியவர் இங்கிலாந்து நாட்டு இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். நோவாவின் வெள்ளத்தைப் பற்றிய அவர்தம் இசைநாடகம் 1958-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் ஓர்போர்டு ஊரின் கிறித்தவக் கோவிலில் முதன்முறை அரங்கேறியது. அதில் தொழின்முறைக் கலைஞரோடு பள்ளிச் சிறுவர் பலரும் இசைத்தனர். சிறுவர்க்குரிய வயலின் பகுதியைப் பிரிட்டன் மூன்றாகப் பகுத்தெழுதினார். முதற் பகுதியார் மூன்றாம் நிலை வரை செல்ல வல்லவர். இரண்டாம் பகுதியார் முதல் நிலையைத் தாண்ட வேண்டுவதில்லை. மூன்றாம் பகுதியாரோ தொடக்கத்தார். அவர்க்கு நெடும்பகுதி விரல் வையாத வெறு நரம்பொலியே. பகுதிகள் மூன்றாயினும் அரங்கு ஒன்று. நேற்றுக் கற்கத் தொடங்கியவன் எழுப்பிய ஒலியும் அதே இசைநாடகத்தின் உறுப்பே.

வல்ல மாணவர் இதனால் மழுங்கிப் போவர் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் புறந்தள்ளத் தக்கதன்று. விரைந்து ஓடுபவனைக் கட்டிவைப்பதும் கொடுமையே. அவர்க்குரிய உணவை அவர்க்கு இட வேண்டும். கசுதவ் ஓல்சுட்டு என்னும் இசையமைப்பாளர் 1905 முதல் 1934-இல் மறையும் வரை இலண்டன் தூய பால் பெண்கள் பள்ளியில் இசையாசிரியராக இருந்தார். அப் பள்ளிப் பல்லியத்திற்கென அவர் எழுதிய 'தூய பால் தொகுப்பிசை' இன்றும் தொழின்முறைப் பல்லியங்களால் இசைக்கப்பெறுகின்றது. அவரே 1933-இல் அப் பள்ளியின் இளையோர் பல்லியத்திற்கென 'புரூக்கு கிரீன் தொகுப்பிசை'யை எழுதினார். மூத்தவர்க்கு ஒன்றும் இளையவர்க்கு ஒன்றுமாக இரண்டையும் ஒரே கை எழுதிற்று. இளையோர்க்கு எழுதியது என்பதற்காகத் தரத்தைக் குறைக்கவில்லை. எளியது வேறு, இழிந்தது வேறு என்பதை ஆசிரியர் ஓல்சுட்டிடம் கற்க வேண்டும்.

சப்பானில் சினிச்சி சுசுக்கி (1898–1998) இன்னும் ஆழமாகச் சிந்தித்தார். சப்பானியக் குழந்தைகள் எல்லாரும் சப்பானிய மொழியைப் பிழையறப் பேசுகின்றனரே. தாய்மொழி கற்கும் திறன் உனக்கில்லை என்று எந்தத் தாயேனும் எந்தக் குழந்தையையேனும் ஒதுக்குகின்றாளா என்பதே அவர்தம் சிந்தனையின் வேர். தம் முறைக்குத் தாய்மொழி முறை என்றே அவர் பெயரிட்டார். கேட்டல், திரும்பத் திரும்பச் செய்தல், கற்ற பழம்பாட்டைக் கைவிடாமை ஆகியவை அதன் தூண்கள். புதுச்சொல் கற்ற குழந்தை 'அம்மா' என்னும் முதற்சொல்லை மறந்துவிடுகின்றதா? அதுபோல் மேற்சென்ற மாணவரும் முதற்பாட்டை இசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அவர் வழிவந்தோர் கூட்டிசை நிகழ்ச்சியில் அரிய பாட்டை மூத்தோர் முதலில் தொடங்குவர். பாட்டுகள் எளியனவாக ஆக, இளையோர் படிப்படியாக வந்து சேர்வர். இறுதியில் முதற்பாட்டை அனைவரும் ஒருங்கே இசைப்பர். தாய்மொழியின் ஆற்றலை உணர்ந்த நமக்கு இவ்வுண்மையை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும். சுசுக்கி முறையில் பெற்றோரும் உடனிருந்து பயிற்றுதல் வேண்டும். அதற்கு ஓய்வில்லாத உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைக்கு அக் குறையைப் பள்ளியே நிறைவு செய்தல் கடன்.

ஆதலின் இசையாசிரியர்க்கும் பள்ளித் தலைவர்க்கும் நாம் கூறுவன இவை. கிழமைக்கு ஓரிரு வேளை திறனளவுக்கேற்பச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பயிற்றுக. எஞ்சிய வேளைகளில் யாவரையும் ஒன்றாக இசைக்கச் செய்க. பல்லியத்தில் ஓர் ஏட்டுத் தாங்கியை இருவர் பகிர்வது வழக்கம். வல்லவரையும் புதியவரையும் அங்கே இணையாக அமர்த்துக. நாற்காலி வரிசையை அடிக்கடி மாற்றுக. ஒருமுறை வைத்த தேர்வால் ஓராண்டு முழுதும் ஒருவரை ஓரிடத்தில் அறைந்து வைக்காதீர். முன்னேறியவரை முன்னேறிய அன்றே மேலேற்றுக. பள்ளிக் கருவிகளை முதலில் கருவியில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தருக.

படி என்பது ஏறுவதற்கு. மதில் என்பது தடுப்பதற்கு. இரண்டும் கல்லால் ஆனவையே. வேறுபாடு கட்டுவோன் உள்ளத்தில் இருக்கின்றது. பதினோர் அகவைப் பிள்ளையிடம் 'உனக்கு இசை வாராது' என்று சொல்ல எந்த ஆசிரியர்க்கும் உரிமையில்லை. ஒரு வெறு நரம்பையேனும் உரிய தாளத்தில் ஒலிக்க வல்ல பிள்ளைக்குப் பல்லியத்தில் இடமுண்டு. அவ்விடத்தை எழுதித் தருவதே ஆசிரியர்தம் தொழில். அதனை மறுப்பது கல்வியாகாது!