ஒற்றை விரல் காட்டிய இடம்

பிராகாரம் சுற்றும்போது, இரண்டாம் சுற்று முடிவதற்குள் என் மனைவி தூணைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுவாள். மண்டபத்தில் அமர்ந்தால் எழுவதற்கு என் தோள் வேண்டும். இரவில் புரண்டு படுத்தால் வலப்புற இடுப்பின் பின்னால் சுரீரென்று இழுக்கும். ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பு வட்டுகளில் இரண்டு பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. ஒன்றரை ஆண்டுகள் அந்த வட்டுகளுக்கே வைத்தியம் நடந்தது. முடிவில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் நிலை.

அதற்குமுன் பிசியோதெரபி நிபுணர் ஒருவரைப் பார்த்துவிடுவோம் என்றாள் எங்கள் மகள். வங்கியில் காலம் முழுதும் கோப்புகளோடு வாழ்ந்தவன் அல்லவா, தேதிவாரியாக அடுக்கிய அறிக்கைகளை அந்த இளம்பெண்ணிடம் நீட்டினேன். அவர் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, "அம்மா, வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்றார். இடுப்புக்குக் கீழே, பின்புறம் குழிவு தெரியும் இடத்தை ஒட்டி அவள் விரல் வைத்தாள். சற்று நேரங்கழித்து மறுபடி கேட்டார். விரல் அதே இடத்துக்குப் போயிற்று.

முதுகெலும்புத் தொடரின் அடியில் ஆப்புப் போன்ற முக்கோண எலும்பு ஒன்று உண்டு. 'சேக்ரம்' என்பது அதன் பெயர். இலத்தீன் மொழியில் புனிதமான எலும்பு என்று பொருளாம். அது இருபுறமும் இடுப்பெலும்புகளோடு சேரும் இடங்களே சேக்ரோ இலியாக் மூட்டுகள். சில பாகை அளவே அசைபவை. எனினும் உடலின் மேற்பாரம் முழுதும் அவற்றின் வழியேதான் கால்களுக்கு இறங்குகிறது. 1905-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் இம்மூட்டை இடுப்புவலிக்குக் காரணமாக எடுத்துரைத்தனர். 1934-இல் அதே நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர் வட்டுப் பிதுக்கத்தை விளக்கிய பின்னர் உலகின் கவனம் வட்டின்பால் திரும்பிவிட்டது. எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. முதுமையில் வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் வட்டுப் பிதுக்கம் தென்படும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

முதலில் முதுகைப் பலமுறை வளைத்து நிமிர்த்தச் சொல்லி, வலியின் இடம் மாறுகிறதா என்று பார்த்தார். பின்னர் ஐந்து சோதனைகள். மல்லாந்த நிலையில் இடுப்பெலும்பின் முன்முனைகளை வெளிநோக்கி அழுத்தினார். ஒருக்களித்த நிலையில் மேற்புற இடுப்பை அழுத்தினார். தொடையைச் செங்குத்தாக நிறுத்தி முழங்கால் வழியே கட்டிலை நோக்கித் தள்ளினார். ஒரு முழங்காலை மார்போடு சேர்த்து, மறுகாலைக் கட்டில் விளிம்பில் தொங்கவிட்டு அழுத்தினார். கடைசியாகக் குப்புறப் படுக்கவைத்துச் சேக்ரத்தின் மேல் அழுத்தினார். புதிதாக ஏதோ வலித்தால் கணக்கில் சேராது. பழகிய அதே வலி, குறைந்தது மூன்றிலாவது வரவேண்டும். இவளுக்கு நான்கில் வந்தது. ஐயம் நீங்காவிட்டால், எக்ஸ்ரே துணையோடு மூட்டுக்குள் மரப்பு ஊசி செலுத்தி உறுதி செய்வார்களாம்.

எலும்பு தேய்ந்தவர்கள் இச்சோதனைகளுக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கீழே விழுந்தபின் தொடங்கிய வலி எலும்பு முறிவாகவும் இருக்கலாம். காய்ச்சல், சிறுநீர் கட்டுப்படாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல் இருந்தால் பிசியோதெரபிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சிகிச்சை எளிமையாகவே இருந்தது. பொறுமைதான் அதிகம் தேவைப்பட்டது. நடக்கும்போது இடுப்பின் கீழ்ப்பகுதியில் சில வாரங்கள் பட்டை. மல்லாந்து முழங்கால்களை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்தும் பயிற்சி, புட்டத் தசைகளுக்கும் அடிவயிற்றுக்கும். உறங்கும்போது முழங்கால்களுக்கிடையே தலையணை. காரிலிருந்து இறங்கும்போது இரு முழங்கால்களும் சேர்ந்தே திரும்பவேண்டும். படியேற நல்ல காலும், இறங்க வலிக்கும் காலும் முதலில். கோயில் வாசலில் ஒற்றைக்காலில் நின்று செருப்பைக் கழற்றுவதைக் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். அங்கே அமர ஓர் இடம் தேடித்தான் இப்போது செருப்பைக் கழற்றுகிறாள்.

மூன்று மாதங்களில் மூன்று சுற்றும் முடிக்கிறாள். அறுவை சிகிச்சைப் பேச்சு நின்றது. தரையில் அமர்வது மட்டும் இன்னும் கூடவில்லை; மடக்கு நாற்காலியை நான்தான் சுமந்து செல்கிறேன்.